மெரிக்கன் என்ற பெயர்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயரின் நடுவிலோ கடைசியிலோ 'மெரிக்கன்' என்று வைத்திருக்கும் குடும்பங்கள் பினாங்கில் நிறைய உண்டு. கெடாவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். உறவுக்காரப் பிள்ளைகளும் சம்பந்தி வீட்டாரும் வேலையிடத்து நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதைத் தொகுத்தேன். நானும் இந்தப் பெயர்க்காரன்தான். அதனால் என்னிடம் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மெரிக்கன் என்றால் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களா?

இல்லை. இந்தக் கிண்டலைக் கேட்காமல் பள்ளிக்கூடம் முடித்த மெரிக்கன் பிள்ளை அநேகமாகக் கிடையாது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரை முஸ்லிம்களில் ஒரு பிரிவினரை 'மரைக்காயர்' என்கிறோமே, அந்தப் பெயர்தான் கடல் தாண்டி வந்து இப்படி ஆனது. அப்துல் கலாமின் தகப்பனார் ஜைனுலாப்தீன் மரைக்காயர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்கிறோமே, உமறுப் புலவரை ஆதரித்த அந்தக் கீழக்கரை வள்ளலும் ஒரு மரைக்காயர்தான்.

மரைக்காயர் என்பதற்கு என்ன பொருள்?

மரக்கலம் ஓட்டியவர்கள், அதனால் மரக்கலராயர், அதுவே மரைக்காயர் என்பது ஒரு விளக்கம். கப்பலுக்கு அரபியில் 'மர்கப்' என்று பெயர், அதிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. இதற்காகச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் கப்பலில்தான் போய் ஏறுகிறோம் என்பதால் நான் அதில் கலந்துகொள்வதில்லை.

என் அடையாள அட்டையில் மெரிக்கன் என்ற பெயரின் முதல் எழுத்துக்குப் பிறகு ஆங்கில 'இ' (e) போட்டிருக்கிறது, சித்தப்பா அட்டையில் 'ஏ' (a) போட்டிருக்கிறது. நாங்கள் வேறு வேறு குடும்பமா?

எழுத்தை வைத்துக் குடும்பத்தைப் பிரிக்கவே கூடாது. ஒரே வாப்பாவுக்குப் பிறந்த அண்ணனும் தம்பியும் இரண்டு விதமாக எழுதுவது சர்வ சாதாரணம்.

ஊரிலேயே பேச்சில் இது 'மரைக்கார்' தான். பினாங்குக்கு வந்த பிறகு அதைச் சொல்லி அழைத்தவர்கள் மலாய் மனைவிமார்களும் மலாய் அண்டை வீட்டாரும். மலாய்ப் பேச்சில் நீளமான சொல்லின் முதல் அசையில் வரும் அகரம் தேய்ந்து, எகரம் போல அரைகுறையாகத்தான் ஒலிக்கும். கடைசி 'ர்' 'ன்' ஆனது. அடுத்தது ஜாவி எழுத்து, அதாவது மலாயை அரபி எழுத்தில் எழுதும் முறை. அதில் இந்தப் பெயரை மீம், ரா, யா, காஃப், நூன் என்று ஐந்தே எழுத்தில் முடித்துவிடலாம். முதல் எழுத்தை 'ம' என்று படிப்பதா 'மெ' என்று படிப்பதா என்று அந்த எழுத்து சொல்லாது. பிறகு ரோமன் எழுத்துக்கு மாற்றிய நாளில் ஒரு குமாஸ்தா ஒன்றைப் போட்டார், இன்னொரு குமாஸ்தா இன்னொன்றைப் போட்டார். வீட்டார் யாரும் திருத்தச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கு நம் அட்டையில் இருக்கிறது.

ஆங்கிலப் பழக்கத்தில் 'க' ஒலிக்கு 'சி' (c) எழுத்தைப் போட்டுவிட்டதால் இன்னொரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. 1972-ல் மலாய் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது அந்த 'சி' எழுத்துக்கு 'ச' ஒலி என்று முடிவானது. அதனால் பெயரைப் பார்த்து அப்படியே படிக்கிற இளம் ஆசிரியர்கள் நம் பிள்ளைகளை 'மெரிச்சான்' என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் இலக்கணப்படி அது சரிதான்.

முதலில் எப்போது இங்கே வந்தார்கள்?

பினாங்கு பினாங்காக ஆவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட் மாதத்தில் இந்தத் தீவில் கொடி ஏற்றினார். அதற்கு வெகு காலம் முன்பே சோழமண்டலக் கரை வணிகர்கள் எதிர்க்கரையில், கெடா சுல்தானின் துறைமுகத்தில், கடை போட்டிருந்தார்கள். துணி கொண்டு வந்தார்கள். வெள்ளீயமும் மிளகும் பாக்கும் கொண்டு போனார்கள். யானையும் போயிருக்கிறது. கெடாக் காட்டு யானையை அந்தக் காலத்து மரக்கப்பலில் ஏற்றி வங்காள விரிகுடாவைத் தாண்டி நம் கரையில் இறக்கியவர்களின் தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

லைட் 1794-ல் எழுதிய கடிதம் ஒன்றில் இவர்களைச் 'சூலியா' என்று குறிப்பிடுகிறார். பெரும்பாலானோர் கெடாவில் நெடுநாள் குடியிருந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்கிறார். குடும்பத்தோடு பினாங்கில் குடியேறியவர்கள் ஏறக்குறைய 1,000 பேர். இதைத் தவிர, கரையிலிருந்து வரும் கப்பல்களில் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆண்கள் வந்து, சில காசு சேர்த்துக்கொண்டு திரும்பிப் போவார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இந்த இரண்டாவது கணக்குதான் முக்கியம். வந்தவர்களில் மிகப் பலர் தங்குவதற்காக வந்தவர்கள் அல்ல. தென்மேற்குக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வரும், வாடை தொடங்கியதும் திரும்பிப் போகலாம். நடுவில் சில மாதங்கள் இங்கே காத்திருந்தே ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் கடை வந்தது, கடன் வந்தது, கல்யாணமும் வந்தது.

அதனால் 'நம் குடும்பம் வந்த வருடம் எது?' என்று ஒரே ஒரு வருடத்தைத் தேடாதீர்கள். தாத்தாவின் தாத்தா நாலைந்து தடவை வந்து போயிருப்பார். கடைசியாக எந்தத் தடவை திரும்பிப் போகவில்லை என்பதைத்தான் தேட வேண்டும்.

நீராவிக் கப்பலில் வந்தவர்களும் இதே ஆட்கள்தானா?

ஓரளவுக்கு. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே நீராவிக் கப்பல் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் காற்றுக்காகக் காத்திருக்கும் வேலை போயிற்று. பழைய ஆட்கள் இன்றும் பேசும் 'ரஜூலா' 1926-ல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய கப்பல். அந்தக் கப்பல்களில் வந்த மரைக்காயர்கள் பெரும்பாலும் பாஸ்போர்ட்டில் இருந்த 'மரைக்காயர்', 'மரைக்கார்' என்ற பெயரையே வைத்துக்கொண்டார்கள். மெரிக்கன் என்று தேய்ந்த பெயர் இருந்தால் அந்தக் குடும்பம் பழையது என்று முதல் ஊகமாக வைத்துக்கொள்ளலாம். ஊகம்தான், சத்தியம் இல்லை.

ஜப்பான்காரன் காலத்தில் கப்பல் நின்றுபோனது. கடிதம் வரவில்லை, பணம் போகவில்லை. அங்கே ஒரு குடும்பமும் இங்கே ஒரு குடும்பமுமாக இருந்தவர்களுக்கு அது பெரிய அடி. அப்புறம் 1953-ல் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானது. அதுவரை இரண்டு கரையிலும் கால் வைத்திருந்தவர்கள் அப்போதுதான் ஒரு கரையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தோட்டத்துக்கு வந்த தமிழர்களும் நாமும் ஒன்றாக வந்தவர்களா?

ஒரே கப்பலில் வந்திருக்கலாம், வழி வேறு. ரப்பர்த் தோட்டத்து மக்கள் பெரும்பாலும் கங்காணி மூலம் கூலி வேலைக்குக் கூட்டிவரப்பட்டவர்கள். மரைக்காயர்கள் சொந்தக்காரரின் கடையை நம்பித் தாங்களாக வந்தவர்கள். இதில் பெருமை பேச எதுவும் இல்லை. லைட்டின் கடிதத்திலேயே சூலியாக்கள் 'கடைக்காரர்களும் கூலிகளும்' என்றுதான் இருக்கிறது. நம் வீடுகளில் கடைக்காரர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களை வசதியாக மறந்துவிட்டோம்.

நாம் எல்லோரும் கபித்தான் கிளிங் காதர் முகைதீன் வம்சம்தானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு நான் சொல்லும் பதில் அதிகம் பேருக்குப் பிடிப்பதில்லை.

முதலில் அவரைப் பற்றி. காதர் முகைதீன் மெரிக்கன் பினாங்கின் ஆரம்பகாலப் பெரிய வணிகர். கம்பெனி ஆட்சி ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை வைத்து, அவரிடம் சமூகத்துக்குள் வரும் வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பைக் கொடுத்தது. அந்தத் தலைவருக்குக் 'கபித்தான்' என்று பெயர். தென்னிந்தியர்களுக்கு அமைந்த கபித்தான் இவர். அப்போது நம்மவர்களை 'கிளிங்' என்றார்கள். இன்றைக்கு அது வசைச்சொல், பள்ளிவாசலின் பெயரிலும் தெருவின் பெயரிலும் மட்டும் பழைய பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கபித்தான் கிளிங் பள்ளிவாசலுக்காக 1801-ல் கம்பெனி 18 ஏக்கர் நிலம் கொடுத்தது, அன்றைய மலபார் தெருவின் தென்பக்கத்தில். அந்த மலபார் தெருதான் இன்றைய சூலியா தெரு. பழைய பிட் தெரு இப்போது கபித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை. அவருடைய அடக்கத்தலம் பள்ளிவாசலுக்கு அருகில், கம்போங் கோலம் பக்கம் இருக்கிறது. நேரில் போய்ப் பார்க்கலாம்.

சரி, அவர் வம்சத்தில் வந்தவர்கள் நிச்சயமாக இருக்கிறார்கள். ஆனால் மரைக்காயர் என்பது ஒரு தனி மனிதர் கண்டுபிடித்து வைத்த குடும்பப் பெயர் அல்ல. பரங்கிப்பேட்டையிலும் நாகூரிலும் காரைக்காலிலும் அதிராம்பட்டினத்திலும் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் ஒன்றுக்கொன்று உறவில்லாத நூற்றுக்கணக்கான வீடுகளில் இருந்த பட்டம். ஒவ்வொரு ஊரிலிருந்தும் யாராவது ஒருவர் பினாங்குக்கு வந்து, அவர் பெயரும் தேய்ந்து மெரிக்கன் ஆகியிருக்கும். ஒரே பெயர், பல வேர். பினாங்கின் எல்லா மெரிக்கன்களையும் ஒரே மரத்தில் தொங்கவிடும் வம்சாவளிப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் இரண்டு மூன்று தலைமுறைக்கு 'இன்னாரின் மகன் முகம்மது' என்று மட்டும் போட்டு ஒப்பேற்றியிருப்பார்கள். அந்த இடத்தில் ஓர் உயிலோ நிலப் பத்திரமோ கல்வெட்டோ இல்லையென்றால் கோட்டை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

கபித்தான் வம்சம் இல்லை என்று ஆனால் என்ன குறைந்துவிடும் என்பதும் எனக்குப் புரிவதில்லை. சூலியா தெருவில் நூர்தீன் குடும்பக் கல்லறை இருக்கிறது. 19-ம் நூற்றாண்டு வணிகர் முகம்மது மெரிக்கன் நூர்தீனின் குடும்பம் அது. நூர்தீன் தெரு என்று ஒரு தெருவே இருக்கிறது. கபித்தான் ஒருவரை மட்டுமே பிடித்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட வேண்டியதில்லை.

எங்கள் குடும்பம் எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் அண்ணனை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? 'நானா' என்றால் நாகூர்ப் பக்கம் தேடிப் பாருங்கள். 'காக்கா' என்றால் காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம். தமிழே போய்விட்ட வீடுகளிலும் வாப்பா, உம்மா, ராத்தா போன்ற சில சொற்கள் மட்டும் விடாமல் நின்றிருக்கும். முன்னோர் பெயரில் 'நைனா', 'மீரா' என்று வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மலாய்ப் பெயர் என்றோ பெண் பெயர் என்றோ நினைத்துப் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அப்துல் கலாமின் அண்ணன் பெயரே முத்து மீரா லெப்பை மரைக்காயர்.

நாகூர் கந்தூரிக்குப் பாட்டி நேர்ச்சை வைத்தார் என்பதை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். நாகூர் ஆண்டவருக்கு நேராத கடற்கரை வீடு உண்டா? பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா கட்டியது அந்தப் பக்திதான். எந்த ஊர்க்காரரும் அங்கே போவார்கள்.

ஊரில் 'நம்ம வீடு' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அது மெரிக்கன் வீடுதானா?

இதில்தான் பல பேர் வழி தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். மகள் பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்ற கவலை தகப்பனுக்கு அன்றே தொடங்கிவிடும். பினாங்கில் சம்பாதித்த பணத்தில் பெரும்பங்கு அப்படித்தான் செங்கல்லாகவும் தேக்காகவும் மாறியது.

இதன் பலன் என்ன? பட்டம் தகப்பன் வழியில் வருகிறது, வீடு தாய் வழியில் போகிறது. நீங்கள் ஊருக்குப் போகும்போது உங்களை வரவேற்று, இதுதான் உன் பாட்டனார் இருந்த வீடு என்று காட்டுவார்கள். அவர் இருந்தது உண்மை. ஆனால் மாப்பிள்ளையாக இருந்தார். அந்த வீட்டுச் சுவரில் இருக்கும் பெயர்கள் உங்கள் பாட்டி வழிப் பெயர்கள். உங்கள் மரைக்காயர் கோடு இரண்டு தெரு தள்ளி, பாட்டனாரின் அம்மா வீட்டில் தொடங்கும். அங்கிருந்து இன்னும் ஒரு தலைமுறை மேலே போனால் இன்னொரு வீடு. இப்படி ஆண் வழியைப் பிடித்துக்கொண்டு போனால் தலைமுறைக்கு ஒரு வாசல் மாற வேண்டியிருக்கும். இது தெரியாமல் ஒரே வீட்டில் உட்கார்ந்து நாலு தலைமுறை எழுதிக்கொண்டு வந்தால், எழுதியது முழுக்கப் பெண் வழியாக இருக்கும். அது ஒன்றும் குற்றமில்லை, அதுவும் உங்கள் இரத்தம்தான். எந்த வழி என்று மட்டும் குறித்துவிடுங்கள்.

இன்னொன்று. அந்த ஊர்ப் பாட்டி உங்கள் பாட்டியாக இல்லாமலும் இருக்கலாம்.

அப்படியென்றால்?

ஊரில் ஒரு மனைவி, பினாங்கில் ஒரு மனைவி. கப்பல் வணிகக் குடும்பங்களில் இது ஒளிவு மறைவான சங்கதியாக இருக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் தெரியும், பிள்ளைகளுக்குள் கடிதப் போக்குவரத்தும் இருந்திருக்கிறது. இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் மரைக்காயர் பட்டம் உண்டு, ஊரில் ஒரு மாதிரியும் இங்கே மெரிக்கன் என்றும் எழுதினார்கள். முதல் தடவை ஊருக்குப் போகிறவர்கள் இதை எதிர்பார்த்துக்கொண்டு போவது நல்லது. சொத்து கேட்டு வந்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் அங்கே எழும். பத்திரம், பங்கு என்ற பேச்சை எடுக்காமல் பெயர்களை மட்டும் கேளுங்கள். இரண்டாம் நாள் அவர்களே பெட்டியைத் திறப்பார்கள்.

ராவுத்தர், லெப்பை என்பவர்கள் யார்? நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ராவுத்தர் என்றால் குதிரை வீரர், குதிரை வணிகத்தோடும் படையோடும் சேர்ந்த பெயர். உள்நாட்டு ஊர்களில் அதிகம், ஹனஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி). மரைக்காயர் கடற்கரை, ஷாஃபி மத்ஹப். லெப்பை என்பது மார்க்கக் கல்வியோடு தொடர்புடைய பட்டம். மலாய் மக்களும் ஷாஃபி என்பதால் மரைக்காயர்களுக்கு இங்கே தொழுகையிலும் திருமணத்திலும் அதிக மாற்றம் தேவைப்படவில்லை. கலப்பு மணம் இவ்வளவு எளிதாக நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

குஞ்ஞாலி மரைக்கார் நம் முன்னோரா?

கள்ளிக்கோட்டை மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள் அவர்கள், மலபார்க் கரை. போர்ச்சுக்கீசியரோடு 16-ம் நூற்றாண்டு முழுக்கப் போராடினார்கள். நான்காம் குஞ்ஞாலியை 1600-ல் கோவாவில் கொன்றார்கள். பெயரும் தொழிலும் ஒன்று. நேரடி வம்சம் என்று சொல்லிக்கொள்ள அது போதாது.

இணையத்தில் தேடினால் பிலிப்பைன்ஸ் பெண்கள் பெயராக வருகிறதே?

'மரிகார்' என்று தேடியிருப்பீர்கள். அது மரியா என்பதோடு கார்மென் போன்ற பெயரைச் சேர்த்துச் சுருக்கிய ஸ்பானிய வழிப் பெயர், நமக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இலங்கைச் சோனகர்களின் 'மரிக்கார்' மட்டும் நம் பெயர்தான். காரைக்காலிலும் பாண்டிச்சேரியிலும் பிரெஞ்சு எழுத்தில் வரும் மரைக்கார்களும் அப்படியே.

மற்றத் தமிழர்களுக்கு ஏன் இப்படி ஒரு குடும்பப் பெயர் இல்லை?

தமிழர்களுக்குப் பொதுவாகவே குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்து, வேண்டுமானால் ஊரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். மலேசியாவில் இந்துத் தமிழர்கள் 'அனாக் லெலாக்கி' (மகன்), 'அனாக் பெரெம்புவான்' (மகள்) என்று போட்டுத் தகப்பன் பெயரை எழுதுகிறார்கள். அதே பொருளில் நாம் 'பின்', 'பிந்தி' போடுகிறோம். இரண்டிலும் தாத்தா பெயர் அடுத்த தலைமுறையில் உதிர்ந்துவிடும். பிள்ளை, செட்டியார், நாயுடு போன்ற பட்டங்கள் சில வீடுகளில் நின்றன, சில வீடுகளில் வேண்டுமென்றே விடப்பட்டன.

மெரிக்கன் நின்றதற்குக் காரணம் சட்டம் அல்ல. 1957-ம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் குழந்தைக்குத் தகப்பனின் குடும்பப் பெயரைப் பதியலாம் என்று இருக்கிறது, 'குடும்பப் பெயர் இருந்தால்' என்ற அடைமொழியோடு. நடைமுறையில் நம் பெயர் குழந்தையின் சொந்தப் பெயரோடு சேர்ந்துதான் பதிவாகிறது. அதாவது ஒவ்வொரு தகப்பனும் கவுண்டரில் நின்று மறுபடி ஒரு தடவை எழுதினால்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும். ஒருவர் மறந்தாலோ பெயர் நீளமாக இருக்கிறதே என்று விட்டாலோ அந்தக் கிளையில் முடிந்தது. பெயர் இல்லாத மெரிக்கன் குடும்பங்கள், பெயர் இருப்பவர்களை விட அதிகமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நாம் தமிழரா, மலாய்க்காரரா?

அரசியலமைப்பின் 160-ம் பிரிவு மலாய்க்காரர் என்பதற்குச் சொல்லும் இலக்கணம் இஸ்லாம், மலாய்ப் பேச்சு, மலாய்ப் பழக்கவழக்கம், அத்தோடு மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) முந்தைய மண் தொடர்பு. இனக்கலப்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அந்தக் கணக்கில் மெரிக்கன்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள்தான். நாடகக் கலைஞர் ஃபரீதா மெரிக்கனைக் கோலாலம்பூரில் யாரும் தமிழர் என்று நினைப்பதில்லை. நடுவில் ஒரு காலத்தில் இந்தக் கலப்புக் குடும்பங்களுக்கு 'ஜாவி பெரானாக்கான்' என்று தனிப் பெயரே இருந்தது. அந்தப் பெயரில் 1876-ல் சிங்கப்பூரில் ஒரு மலாய்ப் பத்திரிகை தொடங்கினார்கள், மலாய்மொழியின் முதல் செய்தித்தாள் அது.

தமிழ் பேசும் மெரிக்கன்களும் இன்னும் இருக்கிறோம். ஒரே குடும்பத்தில் பெரியவர் தமிழில் பேச, பேரன் மலாயில் பதில் சொல்லும் வீடுகளை சூலியா தெருவைச் சுற்றி நிறையப் பார்க்கலாம். யாரும் யாரையும் திருத்துவதில்லை.

ஆவணம் எங்கே தேடுவது?

வீட்டுப் பெட்டியில் தொடங்குங்கள். பழைய நோட்டில் அரபி எழுத்து இருந்தால் அதைத் துஆப் புத்தகம் என்று ஒதுக்கி வைக்காதீர்கள். அரபி எழுத்தில் எழுதிய தமிழாக இருக்கலாம். அரபுத் தமிழ் என்போம், அர்வி என்றும் சொல்வார்கள். கடன் கணக்கு, பிள்ளை பிறந்த நாள், கப்பல் ஏறிய நாள் எல்லாம் அதில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அரபி மட்டும் தெரிந்தவருக்கு எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு எழுத்தே தெரியாது. காயல்பட்டினம், கீழக்கரை ஆலிம்களில் வயதானவர்களிடம் காட்டுங்கள்.

அடுத்தது உயிலும் வக்ஃபும் (அறத்துக்கு எழுதிவைத்த சொத்து). சொத்துள்ள குடும்பம் என்றால் இதைவிட நல்ல ஆவணம் இல்லை, ஏனென்றால் யார் யாருக்குப் பங்கு என்று எழுதும்போது உறவை ஒளிக்க முடியாது. நீரிணைக் குடியேற்றங்களில் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் பகுதி) 1905-ல் முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கென்று சட்டம் வந்து பல வக்ஃபுகள் வாரியத்தின் கைக்குப் போயின. இன்று பினாங்கு மாநில இஸ்லாமிய சமய மன்றம் அவற்றைப் பார்த்துக்கொள்கிறது.

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை இணையத்தில் போட்டிருக்கிறது, பினாங்கு கெஜட்டும் அதில் உண்டு. நீதிமன்ற வழக்கு, ஏலம், கூட்டு வணிகம் கலைத்த அறிவிப்பு, இப்படி நம் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேட வேண்டும். முகைதீன் என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. கம்பெனிக் காலத்துப் பதிவேடுகளின் மூலம் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். ஊர்ப் பக்கம் என்றால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. அதற்கு நேரில்தான் போக வேண்டும், வெள்ளிக்கிழமை போகாதீர்கள்.

டிஎன்ஏ பரிசோதனை செய்தால் தெரிந்துவிடாதா?

தென்னிந்தியக் கலப்பு, மலாய்க் கலப்பு என்று விழுக்காடு போட்டுக் கொடுப்பார்கள். அதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டு மெரிக்கன் ஆண்கள் ஒரே தந்தை வழியா என்று ஒப்பிட மட்டும் அது உதவும்.

மகளின் பிள்ளைக்கு மெரிக்கன் என்று வைக்கலாமா?

வைக்கிறார்கள். குழந்தையின் சொந்தப் பெயரின் ஒரு பகுதியாக எழுதினால் போதும். வழக்கம் தகப்பன் வழிதான் என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். ஊரில் வீடே பெண் வழியில்தானே போகிறது என்று அவர்களிடம் நான் கேட்பதுண்டு, ஒருவரும் சரியான பதில் சொன்னதில்லை. மகனுடைய பிள்ளையோ மகளுடைய பிள்ளையோ, பதியப் போகும்போது தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் எந்த எழுத்து இருக்கிறதோ அதையே எழுதுங்கள், 'சி'-யை 'கே' ஆக்கித் திருத்த வேண்டாம். அச்சடித்துக் கொடுத்ததும் கவுண்டரை விட்டு நகராமல் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.